ஆவணியில் 11 ஆர்டர், தலை தீபாவளிக்கு ஆல்பம்: எடிட் பாக்கி கழுத்தைப் பிடிக்கிறது

மலைக்கோட்டை_கிளிக் | இரவு 2:47

எக்ஸ்போர்ட் ஓடுகிறது. இன்னும் 40 நிமிடம் என்று காட்டுகிறது. அந்த இடைவெளியில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திருச்சி, வயது 34, கல்யாண போட்டோகிராபர். கடை கிடையாது. பாதி நாள் சொந்த ஆர்டர், பாதி நாள் வெளியூர் ஸ்டுடியோக்களுக்கு எக்ஸ்போசிங், அதாவது நாள் கூலிக்குப் படம் மட்டும் எடுத்துக் கொடுப்பது. ஒன்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

ஆடி முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்த பயத்தில், ஆவணியில் வந்ததை எல்லாம் வாரிப் போட்டுக்கொண்டேன். மொத்தம் 11 நிகழ்ச்சி. எட்டுக் கல்யாணம், இரண்டு வளைகாப்பு, ஒரு காதுகுத்து. கல்யாணத்தில் மூன்று எக்ஸ்போசிங். டேட்டாவைக் காப்பி செய்து கொடுத்ததோடு அவை முடிந்தன. மீதி ஐந்தும் என் தலையில். ஒன்றின் ஆல்பம் கூட இன்னும் அச்சடிக்க லேபுக்குப் போகவில்லை. அதில் மூன்று வீட்டில் தலை தீபாவளிக்கு ஆல்பம் வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். சொந்தபந்தம் கூடும்போது காட்ட வேண்டுமாம், நியாயம்தான். இதற்கு நடுவில் ஒரு நகைக்கடைக்கு 140 நகைகளை வெள்ளைப் பின்னணியில் எடுத்துத் தருகிறேன் என்று வேறு ஒப்புக்கொண்டேன். கேமராவுக்கு இஎம்ஐ ஓடுகிறது.

விஷயம் அதுவல்ல. போன வாரம் ஆவணியின் கடைசி முகூர்த்தம். முதல் நாள் பகல் முழுக்க நகைக்கடை, மாலை ஐந்துக்கு மண்டபம், ரிசப்ஷன் முடிய இரவு 11:30. மாப்பிள்ளையின் தம்பி வந்து, "அண்ணே, ஸ்டேட்டஸ் வைக்க நாலு போட்டோ இப்பவே அனுப்புங்க" என்றார். போனுக்கு மாற்றச் சுலபமாக இருக்குமே என்று ராவை (பிறகு நிறம் திருத்த வசதியான முழு ஃபைல்) விட்டுச் சின்ன சைஸ் ஜேபெக்குக்கு மாற்றினேன். ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்குக்கு ஏற்றபடி வைக்கும் நிற அளவு, ஏற்கெனவே மேடை விளக்குக்காக 3200 கெல்வினில் நின்றது. ஒன்றரைக்குப் படுத்து மூன்றே காலுக்கு எழுந்தேன். இரண்டையும் திருப்பி வைக்கவில்லை. தாரை வார்ப்பு, தாலி, மெட்டி, அம்மி மிதிப்பது எல்லாம் சின்ன ஜேபெக்கில், நீலம் பாய்ந்து இருக்கிறது. தாலிக்கயிற்றின் மஞ்சள் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

பின்திரையைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பார்ட்டிக்கு இன்னும் தெரியாது. சொல்வதா, சரிசெய்துவிட்டு விட்டுவிடுவதா? அப்புறம், நீங்களெல்லாம் இந்த சீசனை எப்படித்தான் தாண்டுகிறீர்கள்?


கொங்கு_கேண்டிட் | காலை 7:12

முதலில் படத்தைக் காப்பாற்றுவோம், புலம்பல் அப்புறம்.

ஜேபெக்கைத் திறந்தால் லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் கெல்வின் எண் வராது, கழித்தல் 100 முதல் கூட்டல் 100 வரை ஒரு கோடுதான் வரும். அதை ஒரேயடியாக மஞ்சள் பக்கம் தள்ளினால் பெண்ணின் முகம் செங்கல் நிறமாகிவிடும். முகம், சேலை, பின்னணி என்று மாஸ்க் போட்டுத் தனித்தனியாகத் தள்ளுங்கள். அன்றைக்கு உங்களோடு ட்ரெடிஷனல் (வழக்கமான மேடைப் படங்கள்) எடுத்தவரின் ரா ஃபைல் நாலைந்து வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சேலையின் உண்மையான நிறம் அதில் இருக்கும். தாலி கட்டும் நொடிக்கு அவர் படத்தையே ஆல்பத்தில் போட்டாலும் குற்றமில்லை.

உங்களுடையது 24 மெகாபிக்சல் கேமரா என்று நினைக்கிறேன். சின்ன சைஸ் என்றால் 6 மெகாபிக்சல், அகலம் 3000 சொச்சம். ஆல்பம் 12x36 அங்குலம்தானே? ஒரு பக்கம் முழுக்க, அதாவது 12x18 போட்டால் அங்குலத்துக்கு 167 புள்ளிதான் கிடைக்கும், கொஞ்சம் மெத்தென்று தெரியும். 6x9 அளவுக்குத் தாராளம். முகூர்த்தப் பக்கங்களைச் சின்னச் சின்னப் படமாக அடுக்கி வடிவமைத்தால் யாருக்கும் தெரியாது.

இனிமேலுக்கு: மோடு டயலில் 1, 2 என்று இருப்பது எதற்கு? 1-இல் முகூர்த்தம், 2-இல் ரிசப்ஷன் என்று எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள். காலையில் டயலைத் திருப்பினால் போதும், மூளை விழித்திருக்க வேண்டிய அவசியமில்லை.


ரோல்_காலத்து_ஆள் | காலை 8:40

கும்பகோணம். 1988-இல் தொழிலுக்கு வந்தவன். இப்போது மகன் எடுக்கிறான், நான் கல்லாவில் இருக்கிறேன்.

தம்பி, எங்களுக்கு ஒரு கல்யாணத்துக்கு எட்டு ரோல். ரோலுக்கு 36, பார்த்துச் சுற்றினால் 37 வரும். ஆக முந்நூறு படத்துக்குள் ஒரு கல்யாணம். தோளில் மெட்ஸ் ஃப்ளாஷும் அதன் பேட்டரியும் தொங்கும், அதுவும் கனம்தான். ஆனால் மறுநாள் ரோலை லேபில் போட்டுவிட்டு வந்தால் நான் தூங்குவேன், லேப்காரர் விழித்திருப்பார். படம் கழுவி வந்ததும் ஆல்பத்தில் ஒட்டினால் முடிந்தது. இப்போது மகனைப் பார்க்கிறேன். மண்டபத்திலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கு வேலையே ஆரம்பிக்கிறது. லேப்காரர் வேலையும் அவனே, ஒட்டுகிறவர் வேலையும் அவனே. கூலி மட்டும் ஓர் ஆளுக்கு.

நாதஸ்வரக்காரரும் நம்மைப் போலத்தான் இரண்டு மணிக்கு எழுகிறார். ஆனால் கெட்டிமேளம் முடிந்து, சாப்பிட்டு, தாம்பூலப்பையை வாங்கிக்கொண்டு போனால் அவருக்கு அந்தக் கல்யாணம் முடிந்தது. உங்களுக்கு முடிவதே இல்லை.

குறைவாக எடுங்கள். 4000 படம் எடுத்து யார் பார்க்கப் போகிறார்கள்?


சீசன்_பறவை | காலை 9:05

பெரியவரே, சொல்வது சரி. ஆனால் "எத்தனை போட்டோ தருவீங்க" என்பதுதான் இப்போது பார்ட்டியின் முதல் கேள்வி. முந்நூறு என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.


வைகை_எடிட்டர் | காலை 10:30

நான் படம் எடுப்பதில்லை. மதுரையில் வீட்டில் இருந்தபடி மற்றவர்கள் எடுத்ததை எடிட் செய்து கொடுக்கிறேன். ஒவ்வொரு சீசனிலும் என் மேசையில் பத்துப் பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க் குவியும். எல்லாவற்றின் மேலும் "அர்ஜென்ட்" என்று ஸ்டிக்கர். எல்லாமே அர்ஜென்ட் என்றால் எது அர்ஜென்ட் என்று ஒருவரும் சொல்வதில்லை.

மலைக்கோட்டை அண்ணே, உங்கள் ஆவணியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு கல்யாணத்துக்கு 4000 படம் என்று வைப்போம். ஒரு படத்துக்கு மூன்று வினாடி பார்த்துக் கழித்தால் 12,000 வினாடி, அதாவது 3 மணி 20 நிமிடம். மிஞ்சும் 600 படத்துக்கு நிறம் திருத்த, ஒன்றரை நிமிடம் வீதம், 15 மணி நேரம். ஆல்பம் 40 ஷீட், ஷீட்டுக்கு 20 நிமிடம் என்றால் 13 மணி 20 நிமிடம். "பெரியப்பா படம் விட்டுப்போச்சு" வகையறா திருத்தம் இரண்டு சுற்றுக்கு 4 மணி. கூட்டினால் 36 மணிக்கு 20 நிமிடம் குறைவு. நாளைக்கு எட்டு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் நாலரை நாள். ஐந்து கல்யாணத்துக்கு 22 நாள். வீடியோவை நான் சேர்க்கவே இல்லை.

எட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையும் மறுநாள் காலையுமாக 16 நாள். வளைகாப்பு, காதுகுத்துக்கு மூன்று. 19. அதோடு இந்த 22. மொத்தம் 41. ஆவணிக்கு 31 நாள்தான் அண்ணே. நகைக்கடை, தூக்கம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே.

நீங்கள் சோம்பேறியும் இல்லை, திட்டமிடத் தெரியாதவரும் இல்லை. ஆர்டர் வரும்போது டைரியில் டேட் காலியா என்று மட்டும் பார்க்கிறீர்கள். அந்தக் கல்யாணத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ஐந்து எடிட் நாள் காலியா என்று பார்ப்பதில்லை. நான் மேசைக் காலண்டரில் ஹார்ட் டிஸ்க் வரும் நாளுக்குச் சிவப்பு, எடிட் நாளுக்கு நீலம் போடுகிறேன். நீலத்துக்கு இடம் இல்லாவிட்டால் ஒப்புக்கொள்வதில்லை, அல்லது அன்றைக்கே "தீபாவளிக்குக் கிடைக்காது, கார்த்திகையில்தான்" என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் சரி என்றுதான் சொல்கிறார்கள். இது எனக்கே ஆச்சரியம்.


எக்ஸ்போசிங்_மட்டும் | காலை 11:02

அக்கா, நீலம் அழகாக இருக்கிறது. நீலத்தைக் கடைக்காரரிடம் காட்டினால் அரிசி தருவாரா?

சென்னைப் பக்கம் என் நிலைமை கேளுங்கள். ஒரு மாதத்தில் நல்ல முகூர்த்தம் ஏழெட்டு நாள். எல்லாக் கல்யாணமும் அந்த ஏழெட்டு நாளிலேயே விழுகிறது. இன்று வேண்டாம் என்று விட்ட டேட் நாளைக்கு வேறு ரூபத்தில் திரும்ப வராது. ஆடி, புரட்டாசி, மார்கழி என்று வருடத்தில் மூன்று மாதம் கை காய்கிறது. காய்கிற மாதத்துக்கும் சேர்த்து நனைகிற மாதத்தில் சேர்த்துக்கொள்ளாமல் வேறு என்ன வழி?

இதில் எக்ஸ்போசிங் காசு வேறு. ஒரு ஸ்டுடியோவுக்குத் தையில் போன நாலு நாள் கூலி, வைகாசி தாண்டியும் வரவில்லை. கேட்டால் "பார்ட்டி இன்னும் பேலன்ஸ் தரல தம்பி." கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுத்திருந்தால் நானும் இரண்டு டேட்டை விட்டிருப்பேன்.


மட்டுறுத்துநர் | காலை 11:20

ஸ்டுடியோ, லேப் பெயர்கள் வேண்டாம். தனிமடலில் கேட்கிறவர்களும் கேட்க வேண்டாம். தொடருங்கள்.


வரவு_செலவு | நண்பகல் 12:15

தொழில் கணக்கு எழுதுகிறவன், கல்யாணத்துக்குச் சாப்பிட மட்டும் போகிறவன்.

நிலுவை பற்றி ஒன்று. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். அதற்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. வேலைக்குப் போவதற்கு முன்னால் பதிவு இருக்க வேண்டும், பில்லும் வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே தம்பி" என்பது பில் ஆகாது.

இன்னொன்று, 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு பிடி உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு உரிய நாளில் தராத தொகையை, தரும் வரை ஸ்டுடியோ செலவாகக் காட்ட முடியாது. ஒழுங்காகக் கணக்குக் காட்டும் ஸ்டுடியோவாக இருந்தால், மார்ச் மாதத்தில் அவர்களின் ஆடிட்டரே உங்கள் பணத்தை நினைவூட்டுவார்.


எக்ஸ்போசிங்_மட்டும் | நண்பகல் 12:31

கேஸ் போட்டால் வட்டி வரும். அடுத்த டேட் வராது. 🙂

ஆனால் பதிவு செய்து பில் கொடுக்கிறேன். அது சும்மா இருந்தாலும் ஒரு மரியாதைதான்.


நாஞ்சில்_நிழல் | மாலை 4:50

சென்னைத் தம்பி மூன்று மாதம் கை காய்கிறது என்கிறார். நாகர்கோவிலில் எங்களுக்குக் காயவும் காயாது, ஓயவும் ஓயாது. ஆடியில் இந்துக் கல்யாணம் இல்லை என்றால் சர்ச் கல்யாணம் இருக்கும். தவக்காலத்தில் சர்ச்சில் இல்லை என்றால் நிக்காஹ் இருக்கும். நோன்பு மாதத்தில் நிக்காஹ் குறைந்தால் பங்குனியோ சித்திரையோ வந்து நிற்கும். பணம் வருகிறது, சரி. பகல், இரவு எது என்றுதான் தெரிவதில்லை.

நான் எழுத வந்தது ஆல்பம் பற்றி அல்ல, வண்டி பற்றி. யாருமே அதைத் தொடவில்லை.

இரண்டு வருடம் முன்னால் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர், திருநெல்வேலியில் ஐந்து மணி முகூர்த்தம் முடித்து, அடுத்த ரிசப்ஷனுக்காக அவசரமாகக் காரை எடுத்தார். நாலுவழிச்சாலை, நல்ல வெயில், பகல் 11 மணி. நடுச்சுவரில் ஏறிவிட்டார். பிரேக் அடித்த தடமே இல்லை. வலது கை முறிந்தது, ஆறு மாதம் கேமரா தூக்கவில்லை. பின் சீட்டில் இருந்த பையும் மெமரி கார்டும் பத்திரமாக இருந்தன. மருத்துவமனையில் கண் விழித்ததும் அவர் கேட்டது அந்தக் கார்டைத்தான்.

1997-இல் நேச்சர் இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது. 24 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 0.10. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. ஆக சீசனில் நாம் பாதி நாள் குடித்தவன் கணக்கில்தான் ஸ்டியரிங் பிடிக்கிறோம். ஊதிக் காட்டச் சொன்னால் மட்டும் ஒன்றும் வராது.

மலைக்கோட்டை, நீங்கள் பின்திரையைப் பார்த்தும் உறைக்கவில்லை என்று எழுதினீர்களே, அது இதுதான். அன்றைக்கு மண்டபத்திலிருந்து எப்படி வீட்டுக்குப் போனீர்கள்?


மலைக்கோட்டை_கிளிக் | மாலை 5:22

பைக்கில். முசிறியிலிருந்து.

வழி ஞாபகம் இல்லை.


நாஞ்சில்_நிழல் | மாலை 5:30

இனி 60 கிலோமீட்டருக்கு மேல் என்றால் டிரைவர் பேட்டாவை எஸ்டிமேட்டிலேயே போடுங்கள். "டிராவல்" என்று ஒரு வரி. நான் போடுகிறேன், இதுவரை ஒரு பார்ட்டி கூட அந்த வரியில் பேரம் பேசியதில்லை. ஆல்பத்தில் 500 ரூபாய் குறைப்பார்கள், டிரைவரில் கை வைக்க மாட்டார்கள். தனியாகப் போக வேண்டி வந்தால், சாப்பிட்டதும் கிளம்பாமல் மண்டபத்திலேயே ஒரு தூணோரம் அலாரம் வைத்து 20 நிமிடம் படுத்துவிட்டுக் கிளம்புங்கள்.


கேமராக்காரி | இரவு 9:15

தூணோரம் படுங்கள் என்று அண்ணன் சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆண்கள் ஜமுக்காளத்தை இழுத்துப் போட்டு மேடைக்குப் பின்னால் படுத்துவிடுவீர்கள். நான் எங்கே படுப்பது?

மயிலாடுதுறைப் பக்கம். ஆறு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று கேட்டு வருகிற வீடுகள் இப்போது நிறைய. நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் முழுக்க நான்தான். நல்ல விஷயம். ஆனால் மேக்கப் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் எனக்கும் இரண்டு மணிக்கு ஆரம்பம். ட்ரெடிஷனல் அண்ணன் நாலு மணிக்கு வந்தால் போதும்.

முதல் இரண்டு வருடம் இரவில் மணப்பெண் அறையின் மூலையில், கேமராப் பையைத் தலைக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். அறையில் பத்துப் பேர், ஒரு கழிப்பறை. வரிசையில் நிற்க முடியாது என்று மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்தது. மருத்துவர் என்ன வேலை என்று கேட்டார். கல்யாணத்துக்குப் போவது என்றேன். சிரித்துவிட்டார்.

இப்போது அட்வான்ஸ் வாங்கும் தாளிலேயே எழுதிவிடுகிறேன்: ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்ந்த ஆர்டர் என்றால் எனக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, குறைந்தது நாலு மணி நேரம். ரிசப்ஷனில் பத்தரைக்கு மேல் நான் இல்லை, வரிசை இன்னும் நீண்டால் ட்ரெடிஷனல் எடுப்பார். முதல் தடவை கேட்டபோது குரல் நடுங்கியது. பெண்ணின் அப்பா தயங்கினார், பெண்ணின் பாட்டிதான், "சமையல்காரனுக்கு ரூம் போட்டிருக்கு, படம் புடிக்கிற பொண்ணுக்கு இல்லையா?" என்று கேட்டார். அதிலிருந்து நான் அந்தப் பாட்டியின் வரியையே எல்லாரிடமும் சொல்கிறேன்.

காலை மூன்று மணிக்கு மண்டபத்தில் விழித்திருப்பது சமையல் மாஸ்டரும் நாமும்தான். அவர் தரும் முதல் காபியை நான் குடிக்கத் தொடங்கியதே அறை கிடைத்த பிறகுதான்.

கனம் பற்றி யாரும் பேசவில்லை. கேமரா உடல் 650 கிராம், பழைய 70-200 லென்ஸ் ஒன்றரைக் கிலோ. இன்னொரு கேமராவில் 35 லென்ஸ். பத்து மணி நேரம் ஒரே தோளில் மாட்டிக் கழுத்து போய்விட்டது. இரண்டு தோளுக்கும் பகிரும் பட்டை வாங்கினேன், அதோடு முகூர்த்தத்துக்கு மட்டும்தான் 70-200. ரிசப்ஷனுக்கு 85 லென்ஸ் போதும். மேடை எங்கேயும் ஓடிவிடாது.


கொங்கு_கேண்டிட் | இரவு 9:40

அக்கா, அந்தப் பாட்டியை நம் சங்கத்துக்குத் தலைவராகப் போடலாம்.


பட்டுச்சேலை | மறுநாள் காலை 6:55

நான் போட்டோகிராபர் இல்லை. ஆல்பத்துக்காக ஏழு மாதம் காத்திருந்த கல்யாணப் பெண். தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது. திட்டத்தான் பதிவு செய்தேன், படித்த பிறகு திட்ட முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். ஏழு மாதத்தில் இரண்டரை மாதம் எங்கள் தவறு. 250 படம் தேர்ந்தெடுத்துத் தாருங்கள் என்றார். மாமியார் வீட்டில், "எங்க பக்கத்து ஆளுங்க படமே இல்லை" என்று ஒரு பட்டியல். அம்மா வீட்டில் இன்னொன்று. என் கணவர் இரண்டையும் சேர்த்து 410 படம் அனுப்பினார். நான் கோபத்தில் மொத்தத்தையும் நிறுத்தி வைத்தேன்.

ஆனால் ஒன்று. மீதி நாலரை மாதத்தில் அவர் போனையே எடுக்கவில்லை. ஸ்டேட்டஸில் புதுப்புது ஜோடிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. பணத்தோடு ஓடிவிட்டாரோ, ஹார்ட் டிஸ்க் போய்விட்டதோ என்று இரவில் யோசிப்பேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று என் அண்ணன் மனுவே எழுதிவிட்டான். கடைசியில் ஆல்பம் நன்றாகத்தான் வந்தது. "உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள், மார்ச் கடைசியில் ஆகும்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன்.

மலைக்கோட்டை அண்ணா, அந்த வீட்டில் சொல்லிவிடுங்கள். ஆல்பத்தில் மறைத்துவிடலாம். ஆனால் முகூர்த்தப் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று என்றைக்காவது கேட்பார்கள். எல்லா வீட்டிலும் கேட்பார்கள்.


கொங்கு_கேண்டிட் | காலை 7:30

இதை நான் யோசிக்கவில்லை. யாருக்கும் தெரியாது என்று மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். 6 மெகாபிக்சலைச் சுவரில் மாட்டும் அளவுக்கு இழுத்தால் நிச்சயம் தெரியும்.


சீசன்_பறவை | காலை 8:10

எல்லாம் சரி, படம் கழிக்கும் வேலைக்கு இப்போது ஏஐ மென்பொருள் இருக்கிறதே? கண் மூடியது, அசைந்தது எல்லாவற்றையும் அதுவே தள்ளிவிடும். வைகை அக்காவின் மூன்று மணி நேரம் அரை மணியாகிவிடும்.


வைகை_எடிட்டர் | காலை 8:45

நானும் வைத்திருக்கிறேன். ரிசப்ஷன் வரிசைக்கு அருமை, மேடையில் நிற்கும் ஒரே கூட்டத்தின் 12 படத்தில் நல்லதைச் சரியாக எடுக்கும். முகூர்த்தத்தில் விடமாட்டேன். தாலி ஏறும்போது பெண்ணின் அப்பா கண்ணை மூடிக்கொண்டு அழுதார், அந்தப் படத்தை "கண் மூடியது" என்று தூக்கி எறிந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. மிச்சமான மூன்று மணி நேரத்தில் தூங்குவீர்கள் என்றா நினைக்கிறீர்கள்? இன்னொரு டேட் பிடிப்பீர்கள்.


ரோல்_காலத்து_ஆள் | காலை 9:00

என் மகன் அப்படித்தான் செய்தான்.


மலைக்கோட்டை_கிளிக் | ஐந்து வாரம் கழித்து, இரவு 8:55

பதில் எழுதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். எல்லாவற்றையும் படித்தேன், இரண்டு முறை.

நீலமான கல்யாண வீட்டுக்கு நேரில் போனேன். பெண்ணின் அம்மாவிடம் லேப்டாப்பில் காட்டினேன், திருத்தியது ஒரு பக்கம், திருத்தாதது ஒரு பக்கம். மாப்பிள்ளைக்குக் கோபம், வாய்விட்டே சொன்னார். நியாயம். பேலன்ஸில் 15,000 குறைத்துக்கொண்டேன். தாலி கட்டும் படம் ட்ரெடிஷனல் அண்ணனுடையது, அவரிடம் கேட்டு வாங்கி, அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். சட்டத்துக்கு மட்டும் 2,800. அந்த அண்ணனுக்கு நான் இன்னும் ஒரு சாப்பாடு பாக்கி.

தலை தீபாவளி ஆல்பம் மூன்றில் இரண்டு போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வீட்டுக்கு, பட்டுச்சேலை சொன்னபடி, முன்கூட்டியே மெசேஜ் அனுப்பினேன். "சரிப்பா, பையன் லீவுக்கு கார்த்திகைலதான் வரான்" என்று பதில் வந்தது. இத்தனை நாள் அவர்களுக்குப் பயந்துதான் போனை எடுக்காமல் இருந்தேன்.

மிச்சம் இரண்டு ஆல்பத்தில் ஒன்றை வைகை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அவர் சொன்ன காசு முதலில் அதிகமாகத் தெரிந்தது, அவருடைய 36 மணி நேரத்தை எண்ணிப் பார்த்த பிறகு தெரியவில்லை. இன்னொன்று என் மேசையில் கிடக்கிறது. காலண்டரில் நீலம் போட்டிருக்கிறேன். ஐப்பசியில் ஆறு டேட் வந்தது, நாலுதான் எடுத்தேன். விட்ட இரண்டையும் தெரிந்த பையனுக்குத் தள்ளினேன். அவன் ஒன்றைப் பிடித்துக்கொண்டான், இன்னொன்று யாருக்கோ போய்விட்டது. அந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது, பொய் சொல்ல மாட்டேன். இந்த மாத இஎம்ஐ கட்டும்போது கை கொஞ்சம் நடுங்கியது.

நாளைக்கு ஸ்ரீரங்கத்தில் நாலரை முகூர்த்தம். ரிசப்ஷனை அவர்கள் மறுநாள் மாலை வைத்திருக்கிறார்கள், என் அதிர்ஷ்டம். ஆட்டோ சொல்லிவிட்டேன். டயல் 1-இல் இருக்கிறது, ராவும் போட்டாயிற்று, இரண்டு முறை பார்த்தேன். படுக்கப் போகிறேன்.


கேமராக்காரி | இரவு 9:03

மூன்றாவது முறை காலையில் பாருங்கள். மாஸ்டர் தரும் காபியைக் குடித்த பிறகு.